பாப்பாத்தியின் வலக்கண்

கண்ணிலே ஒளியாய் நிற்பாய்; கருத்திலே தெளிவாய் நிற்பாய்;
மண்ணிலே பொய்யே சொல்லி மகிழ்ந்தவென் நாவில் இன்று
எண்ணியும் சொல்லா துள்ள இருள்கெட மெய்யை ஈவாய்;
விண்ணிலே மேகம் சூழும் வெற்பிலே அமர்ந்த தாயே!

இன்று தை மாதத்து வெள்ளிக்கிழமை. வளர்பிறைப் பஞ்சமி. நற்செய்தி எழுதத்தான் மனிதர் நாள் பார்ப்பார்கள். நான் என் பொய்யை எழுத நாள் பார்த்து அமர்ந்திருக்கிறேன்.

சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பார்வை மீண்டது அம்மனின் அற்புதத்தால் அன்று. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் லேசர் கருவியால் புரை நீக்கி, இரு கண்களிலும் லென்ஸ் வைத்தார்கள். அதற்குப் பணம் கட்டியவள் என் மகள். இதை நான் மறைத்தேன். மறைத்ததோடு நில்லாமல், அம்மன் பேரால் ஒரு கதையும் கட்டினேன். அந்தக் கதையை நம்பிய ஒருத்தியின் வலக்கண் இன்று இல்லை.

எங்கள் கோயிலின் விழா மலருக்கு, "அம்மன் அருளால் பார்வை பெற்ற அனுபவம்" என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கோயில் குழுவினர் என்னைக் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள். அதை அடித்துவிட்டேன். இதை அச்சிடுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அச்சிட்டிருந்தால் இப்போது உங்கள் கையில் இருக்கும். பாதியில் மூடிவிடாதீர்கள்... என்மீது காறி உமிழத் தோன்றினாலும், முழுவதும் படித்துவிட்டு உமிழுங்கள்.

ஏற்காட்டு மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தேழு ஆண்டுகள் ரைட்டராக, அதாவது அலுவலகக் கணக்கராக, இருந்தேன். ஓய்வு பெற்ற பின் வெள்ளக்கடைக்கு அருகில் ஒரு சிறு வீடு. மனைவி காலமாகிவிட்டாள். எஸ்டேட் அம்மன் கோயிலில் வெள்ளிதோறும் பதிகம் பாடுவது என் பணி. கூலி இல்லாத பணி. ஆனால் அதற்கு வேறொரு கூலி உண்டென்பதை இப்போது அறிகிறேன். நான் நடந்து வந்தால் எழுந்து நிற்பார்கள். நான் சொன்னால் மறுபேச்சு இராது. அந்தக் கூலியை நான் எத்தனை ஆவலோடு வாங்கிக்கொண்டேன்!

என் ஒரே மகள் உமா. பதினோர் ஆண்டுகளுக்கு முன் அவள் அந்தோணி என்ற கிறித்தவப் பிள்ளையை மணந்துகொண்டாள். எங்கள் எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். குறை சொல்ல ஒன்றுமில்லாத பிள்ளை. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊர் கூடியிருந்த கோயிலில், எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். "அவள் வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்காது!" என்றேன்.

சூடத்தை அணைத்துச் செய்த சத்தியம் என்றால் எங்கள் மக்களிடையே என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். அதை மீறினவனுக்குக் கோயிலில் திருநீறு கொடுக்கும் கைகூடத் தயங்கும்.

இந்தச் சத்தியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் கண்கள் மங்கத் தொடங்கின. மலையில் மூடுபனி புதிதன்று. ஆனால் உச்சி வெயிலிலும் பனி இறங்குவது புதிது! முகங்கள் கரைந்தன. விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒளி. திருநீற்றை ஒருவர் கையில் இடுவதாக எண்ணித் தரையில் இட்டிருக்கிறேன். பதிகங்கள் மனப்பாடம் ஆதலால் பாட்டு மட்டும் தடைப்படவில்லை. வழக்கம் மாறாதிருக்கப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். ஏடு புரட்ட வேண்டிய இடத்தில் புரட்டுவேன். பாவனை! எல்லாம் பாவனை!

ஒரு வெள்ளியன்று பாடிக்கொண்டிருக்கையில், ஒரு கை வந்து என் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து, திருப்பி வைத்தது. நான் அதைத் தலைகீழாக விரித்திருந்தேன்!

காதருகே ஒரு குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது: "ஏனுங்க ஐயா, அம்மன் எதுத்தாப்புல உக்காந்து படிக்கோணும்னு இப்புடி வெச்சீங்களாக்கும்? அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீங்களே படிங்க."

அவள்தான் பாப்பாத்தி. கொட்டச்சேட்டிலிருந்து வந்து எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். கணவனை இழந்தவள், கவிதா என்று ஒரு மகள், கல்லூரியில் படிக்கிறாள். பாப்பாத்தியின் வாய்க்கு எஸ்டேட்டே அஞ்சும். மேஸ்திரியின் நடையை அவள் நடித்துக் காட்டினால் மேஸ்திரியே சிரித்துவிடுவார். அப்படிப்பட்ட வாய், என் புத்தகம் தலைகீழாக இருந்த கதையை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒருவரிடமும்!

அவள் எனக்குச் செய்தது அது. நான் அவளுக்குச் செய்ததை இனிச் சொல்லப்போகிறேன்.

அந்தப் பருவத்தில் மிஷன் பள்ளியில் இலவசக் கண் முகாம் நடந்தது. நான் போகவில்லை. அங்கே மேசை போட்டுப் பெயர் எழுதுவது அந்தோணியின் உறவினர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த மேசையின் முன் நான் நிற்பதா? தடுமாறுவதே மேல் என்று இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் ஏற்காடு பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸின் பெயர்ப்பலகை படிக்க இயலவில்லை. பக்கத்தில் ஒரு பெண் உருவம். "அம்மா, இது வெள்ளக்கடை போகிற பஸ்தானே?" என்று கேட்டேன்.

மறுபடியும் கேட்டேன்.

"அப்பா... நான் உமாங்க."

என் மகளை எனக்குத் தெரியவில்லை! ஒரு முழ தூரத்தில் நின்ற என் மகளின் முகத்தை நான் பார்த்து, அந்நியப் பெண் என்று எண்ணி, பஸ்ஸுக்கு வழி கேட்டிருக்கிறேன்! இத்தனை ஆண்டுகள் அவளைக் காண மாட்டேன் என்று நானே வீம்பாக இருந்தேன். இப்போது காண விரும்பினாலும் இயலாது என்று என் கண்களே சொல்லிவிட்டன. அவள் என் முழங்கையைப் பற்றினாள். நான் உதறவில்லை.

"எத்தன நாளா இப்புடி இருக்குதுங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

உமா அழைத்துப்போன சேலத்து மருத்துவமனையில் ஓர் இளம்பெண் எதிரே அமர்ந்து முறைகளை விளக்கினாள். அரசுக் காப்பீட்டில் செய்வது ஒன்று, கைப்பணம் கட்டிச் செய்வது ஒன்று, லேசரால் செய்வது ஒன்று என்று படம் காட்டிச் சொன்னாள். எனக்குப் படம் தெரியவில்லை. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "எது வெளியே தெரியாது?"

அவள் புரியாமல் சிரித்தாள். "வலிக்குமுன்னு பயப்படறீங்களா தாத்தா? லேசர்ல தையல் இல்ல, பெரிய கட்டு இல்லைங்க. சீக்கிரம் ஆறிப்போயிரும்."

"அதுவே ஆகட்டும்" என்றேன்.

கேட்டீர்களா? மூன்றிலும் பார்வை வரும். அதிகப் பணம் கேட்டதை நான் தேர்ந்தது நன்றாகப் பார்ப்பதற்காக அன்று... எவரும் என்னைப் பார்த்துக் கண்டுபிடிக்காதிருப்பதற்காக! அந்த மறைப்புக்கு விலை கொடுத்தவர் யார்? உமா. நான் அஞ்சுகிறேன் என்று எண்ணி, மறுபேச்சின்றிக் கட்டினாள். அது எந்தப் பணம் என்று அன்று எனக்குத் தெரியாது. சிறுமியாய் இருந்தபோதே தடித்த கண்ணாடி அணிந்தவள் அவள். அதைக் கழற்றிவிட லேசர் சிகிச்சை செய்துகொள்ளவேண்டும் என்று, தையல் வேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அந்தோணி பின்னொரு நாள் வாய் தவறிச் சொன்னான். அவளைக் கேட்டேன். "எனக்குக் கண்ணாடி பழகிப்போச்சுங்கப்பா. கழட்டுனா மூக்கே வெறிச்சுன்னு இருக்கும்" என்று சிரித்தாள்.

ஊரில் என்ன சொல்லிவிட்டு வந்தேன் தெரியுமா? ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தல யாத்திரை என்று!

அந்த நாற்பத்தெட்டு நாளும் சேலத்தில் உமாவின் வீட்டில் இருந்தேன். அவள் சமைத்ததை உண்டேன். அவள் வீட்டுத் தண்ணீரை, ஆம், குடித்தேன். சுவரில் குழந்தை இயேசுவின் படம். அதன் கீழே என் கட்டில். அந்தோணி வேளை தவறாமல் கண்ணில் மருந்து விடுவான். "மாமா, மேல பாருங்க... அசையாதீங்க... அவ்வளவுதானுங்க." சூடம் அணைத்த கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மருந்து விட்டுக்கொண்டேன்.

சிறு கட்டைப் பிரித்த அன்று முதலில் தெரிந்தது உமாவின் முகம். காதோரம் நரை! என் மகளுக்கு நரைத்துவிட்டது... நான் காணாமல் விட்ட ஆண்டுகளெல்லாம் அந்த நரையில் இருந்தன.

கிளம்பும்போது அவள் கேட்டது ஒன்றுதான். "ஒரு வெள்ளிக்கெழம கோயிலுக்கு வரட்டுங்களாப்பா? ஓரமா நின்னுக்கறேன்."

"பார்க்கலாம்" என்றேன்.

எனக்குப் பார்வை தந்தவளிடம் நான் சொன்ன நன்றி அது!

ஊர் திரும்பிய பின் முதல் வெள்ளி. ஆடி மாதம், கூட்டம். புத்தகத்தை விரித்தேன். எழுத்துகள் கருமணிகள்போல் எழுந்து நின்றன. மகிழ்ச்சி தாளாமல், மனப்பாடம் இல்லாத பதிகம் ஒன்றைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்துப் பாடினேன். தலைநிமிர்ந்தபோது பாப்பாத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத்தானே தெரியும், எனக்குக் கண் தெரியாதென்று!

"ஐயாவுக்குக் கண்ணு தெரியுதுங்க!" என்று கூவினாள். "புஸ்தகத்தத் தலகீழா வெச்சுப் பாடுன மனுசனுங்க! அம்மன் கண்ணத் தொறந்துட்டாங்க!" கண்ணீர் வழிய, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். குலவை எழுந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு சொல்! "மருத்துவமனை" என்ற ஒரே சொல் போதும். நாக்கு எழவில்லை. சொன்னால் எங்கே, எவர் பணத்தில் என்று கேட்பார்கள். அணைத்த சூடம் நினைவுக்கு வரும். நான் அம்மனை நோக்கிக் கைகூப்பினேன். அவ்வளவே.

கைகூப்புவதும் பொய்யாகுமா? ஆகும். நான் செய்த முதற்பொய் அதுதான்.

பின்பு கேட்டவர்களுக்கெல்லாம் கதை வளர்ந்தது. ஒரு மண்டலம் நாளுக்கொரு பதிகம் பாடியதாகவும், அம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டதாகவும் சொன்னேன். வெள்ளித் தகட்டில் கண் வடிவாகச் செய்து அம்மனுக்குச் சாத்துவார்களே, அந்தக் கண்மலர். பொய்க்குச் சான்று வேண்டுமே! சேலம் கடைவீதியில் ஒரு ஜோடி வாங்கி வந்து, நானே பாடி, நானே சாத்தினேன். அம்மனின் முகத்துக்கு நேரே நின்று செய்தேன்.

அடுத்த காப்பிப் பருவம் வந்தது. சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். பச்சைக்காய் கலந்தால் திட்டு விழும். பாப்பாத்தியின் கூடையில் பச்சை மிகுந்துகொண்டே போயிற்றாம். "ஏனுங்கக்கா, கண்ண ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று மேஸ்திரி கேட்டாராம். "ஆமாங்க மேஸ்திரி, உங்க மொகத்தப் பாக்கோணுமேன்னு வெச்சுட்டு வந்துட்டேன்" என்றாளாம். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உள்ளூர அஞ்சிக்கொண்டே சிரித்திருக்கிறாள்.

ஒரு வெள்ளியன்று பூசை முடிந்து, வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"ஐயா, ஒரு யோசன கேக்கோணுமுங்க. எனக்குச் சக்கர கண்ணுக்கு ஏறிடுச்சாமுங்க. உள்ளாற ரத்தக் கொழாய் கசியுதாம். லேசர் வெக்கோணும், நாலு தடவ வரோணும்னு சேலத்துல சொல்றாங்க. மாட்ட வித்துப் பணம் வெச்சிருக்கேனுங்க. போகட்டுங்களா? இல்ல உங்களாட்டம் அம்மன்கிட்டயே உட்டுரட்டுங்களா?"

"எந்த மருத்துவமனை?" என்று கேட்டேன்.

சொன்னாள்.

அதே மருத்துவமனை! அங்கே என் பெயர் இருக்கிறது. நான் முணுமுணுத்த பதிகத்தைக் கேட்டவள், என்னைத் தாத்தா என்றழைத்த இளம்பெண், இருக்கிறாள். ஏற்காடு என்றதும், "உங்க ஊரு பதிகம் பாடற தாத்தா நல்லா இருக்காருங்களா?" என்று கேட்பாளே! பாப்பாத்தி அறிவாள். எஸ்டேட் அறியும். மலை முழுதும் அறியும்...

இவ்வளவும் ஒரு கணத்தில் எண்ணினேன். அவள் கண்ணைப் பற்றி ஒரு கணமும் எண்ணவில்லை. இதுதான் என் குற்றம். இதற்கு முன் சொன்னவை எல்லாம் இதற்கு இட்ட பாதை.

"மனிதன் கையில் என்ன இருக்கிறது, கண்ணு? முதலில் அம்மனுக்கு ஒரு மண்டலம் விளக்கேற்று. கண்மலர் சாத்து. நான் பாடுகிறேன். பிறகு பார்க்கலாம்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அதை நான் நன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு சுருக்கமும் தெரியும்படி, என் புதிய கண்களால், துல்லியமாகப் பார்த்தேன்!

மாடு விற்ற பணத்திலிருந்து கனத்த கண்மலர் ஒரு ஜோடி செய்யச் சொன்னாள். நாள்தோறும் வேலை முடிந்து வந்து விளக்கேற்றினாள். நான் பாடினேன். எப்படிப் பாடினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். குரல் வழக்கத்தைவிட உருக்கமாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

முப்பதாம் நாளுக்கு மேல் அவள் வரவில்லை. சளி, காய்ச்சல் என்று எண்ணிக்கொண்டேன். எண்ணிக்கொள்ள விரும்பினேன். நாற்பத்தெட்டாம் நாள் வந்தாள். மகள் கவிதாவின் கையைப் பற்றிக்கொண்டு, காலால் தரையைத் துழாவித் துழாவி வந்தாள்.

"கறுப்பு நூலாட்டம் ஓடுச்சுங்க ஐயா, மொதல்ல. அப்பறம் படுதா போட்டாப்புல ஆயிருச்சு. வலக்கண்ணுல ஒண்ணும் தெரியறதில்லீங்க. இடது பனிக்குள்ள நிக்கறாப்புல இருக்குது."

தூணைப் பற்றிக்கொண்டேன். அவள் என்னைச் சபிப்பாள் என்று காத்திருந்தேன். சபித்திருக்கலாமே...

"அம்மன் மேல தப்பில்லீங்க ஐயா. எம் பக்திதான் பத்தல. கண்ணு மங்கறதுக்கு முன்னாடியே ஒருநா வெளக்கேத்த வர நேரமாயிருச்சு பாருங்க, அதுதான். இன்னொரு மண்டலம் இருக்கறேனுங்க, இடக்கண்ணுக்கு. இந்தவாட்டி கொறையில்லாம."

இடக்கண்ணுக்கு! மீதியிருக்கும் அந்த ஒன்றையும் என் பொய்யின் முன் கொண்டுவந்து வைக்கிறாள்!

அப்போதாவது சொன்னேனா? இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாங்க பண்ணுனத அம்மன் பண்ணுனதா ஊர்ல சொன்னீங்களாப்பா?" என்றாள். "அதக்கூட உடுங்க. அந்தக்காகிட்ட எப்புடிங்கப்பா...?" குரல் உடைந்தது. "நாளைக்குக் காலைல காரோட வர்றேன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருவேனுங்க."

மறுநாள் கொட்டச்சேட்டில் பாப்பாத்தியின் வீட்டில் அமர்ந்து சொன்னேன். உமா வாசலில் நின்றாள். நான் சொல்லி முடித்ததும் பாப்பாத்தி சிரித்தாள்.

அவள் நம்பவில்லை!

"ஐயா, என்னைய ஆஸ்பத்திரிக்குப் போக வெக்கோணும்னு இப்புடிப் பொய் சொல்றீங்களே. எனக்குத் தெரியாதுங்களா? பதிகம் பாடற நாக்குங்க அது. உங்க புள்ள சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்துச்சாக்கும்?"

என் வாழ்நாளில் அவ்வளவு திகைத்ததில்லை. பொய்யைச் சொன்னபோது விழுந்து வணங்கினாள். மெய்யைச் சொல்லும்போது சிரிக்கிறாள். என் வாயில் இனி எது மெய்?

அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையில் ஓர் அட்டை தருவார்கள். எந்தக் கண்ணில் என்ன லென்ஸ் என்று பெயரோடு எழுதியிருக்கும். யாத்திரைப் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். காலையில் எடுத்து வந்திருந்த அதை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை விரல்களால் தடவினாள்.

"என்னங்க இது, ரேசன் கார்டுங்களா?"

கவிதா அதை வாங்கிப் படித்தாள். என் பெயர். வலது. இடது. நாள். ஊரார் கணக்கில் அது நான் யாத்திரையில் இருந்த நாள். படிக்கப் படிக்க அந்தப் பெண்ணின் குரல் தாழ்ந்தது. படித்து முடித்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைப் பற்றி எழுத எனக்கு ஆற்றல் இல்லை.

பாப்பாத்தி, என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பிக் கேட்டாள்.

"அப்ப... அம்மன் உங்களுக்கும் ஒண்ணும் குடுக்கலீங்களா?"

ஐயோ! அவள் கண்ணைக் கொண்டதோடு முடிந்ததென்று எண்ணியிருந்தேனே... அதற்கு மேலும் ஒன்று அவளிடம் இருந்தது. அதையும் என் வாயாலேயே பறித்துவிட்டேன்! மகளை அனுப்பியவளும் அம்மனே, மருத்துவரின் கையும் அவள் கையே என்று சொல்ல எனக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் பிறருக்கு அப்படிச் சொல்லியவன் நான். அன்று அந்தச் சொல் என் தொண்டையில் எழவில்லை. எழுந்திருந்தாலும், என் வாயிலிருந்து வரும் அம்மன் பெயரை அவள் எதற்காக நம்ப வேண்டும்?

உமா உள்ளே வந்து அவள் அருகில் அமர்ந்தாள். "அக்கா, நடந்தது நடந்துருச்சுங்க. இடக்கண்ணு இருக்குதுங்களே. கெளம்புங்க" என்றாள். பாப்பாத்தி எழுந்தாள். கவிதா ஒரு கையையும் உமா மறுகையையும் பற்றினார்கள். நான் பின்னால் நடந்தேன்.

வலக்கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது, இனி மீட்க இயலாது என்றார் மருத்துவர். "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கலாமே, ஏன் வரல?" என்று அவளைக் கடிந்துகொண்டார். அவள் வாய் திறக்கவில்லை. நான் அங்கேதான் நின்றேன். நானும் திறக்கவில்லை. இடக்கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். இழந்தது திரும்பாது, இருப்பது நிற்கும் என்றார்கள். இன்று அவளுக்கு ஆள் தெரிகிறது, வழி தெரிகிறது. பழம் எது, காய் எது என்று தெரிவதில்லை. பறிப்பு வேலை போயிற்று. உலர்த்தும் களத்தில் காப்பிக் கொட்டை கிளறுகிறாள்.

பணம் கட்டும் இடத்தில் நான் என் பையைத் திறந்தேன். அவள் ஓசை கேட்டுக் கண்டுகொண்டாள்.

"வேண்டாமுங்க. மாடு வித்ததுல மிச்சம் இருக்குது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மேஸ்திரியைக் கேலி செய்யும் அந்தக் குரலிலும் சொல்லவில்லை. வழிப்போக்கரிடம் பேசுவதுபோல் சொன்னாள். அந்தப் பணத்தையாவது வாங்கிக்கொண்டிருக்கக் கூடாதா என்று இன்றுவரை ஏங்குகிறேன். அவள் எனக்கு அந்த வழியையும் விடவில்லை.

வண்டி மலையேறும்போது, ஒரு வளைவில், அவள் சொன்னாள்: "இத ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க ஐயா. உங்களுக்காகச் சொல்லல. உங்களப் பாத்துட்டுத்தான் நாலு பேரு அம்மன்கிட்ட வர்றாங்க. அவிங்களுக்காச்சும் அம்மன் இருக்கட்டும்."

அந்த வார்த்தையை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு இத்தனை மாதம் வாய் மூடியிருந்தேன். எத்தனை வசதியான மரியாதை!

சென்ற வெள்ளியன்று மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் ஜீப்பில் வந்தார்கள். தாயின் தோளில் கைக்குழந்தை. அதன் கருவிழியில் வெண்மையாய் ஒரு பொட்டு. கணவன் கையில் காகிதப் பொட்டலம். பிரித்தார், புத்தம்புதிய வெள்ளிக் கண்மலர்.

"கண்ணு குடுக்கற அம்மன் இதுதானுங்களே? நீங்கதானுங்களே அந்த ஐயா?" என்றார்.

அம்மனுக்குப் பின்னால் உள்ள திருவாசி வளைவை நிமிர்ந்து பார்த்தேன். என் கதைக்குப் பின் வந்த கண்மலர்கள் வரிசையாகக் கோத்துத் தொங்குகின்றன. எத்தனை ஜோடிக் கண்கள்! அவற்றுக்கு உரியவர்கள் எங்கே? எந்த எஸ்டேட்டில், எந்த வீட்டில் மருந்தின்றி விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார்கள்? நடுவில் கனத்ததாகத் தொங்குவது பாப்பாத்தியுடையது. அவை எல்லாம் என்னைத்தான் பார்த்தன.

"குழந்தையை இப்போதே சேலம் கொண்டுபோங்கள்! நான் அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். அம்மன் பேரால் பொய் சொன்னேன்!" என்று கத்தினேன். கூட்டம் என்னை வெறித்தது. அந்தத் தாய் குழந்தையை அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். பெரியவருக்கு அறிவு தடுமாறிவிட்டது என்று எவரோ சொன்னார்கள். ஜீப் கீழே சேலத்துக்குப் போயிற்றா, மஞ்சக்குட்டைக்கே திரும்பிற்றா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை!

கூட்டத்தின் பின்னால் தலையைச் சற்றே சாய்த்து, இடக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு பாப்பாத்தி நின்றாள். பிறகு திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் காக்கவில்லை. இதோ, இந்த எழுத்தால் இரண்டாம் முறையும் மீறுகிறேன்.

மன்னிப்பு வேண்டி இதை எழுதவில்லை. யாரிடம் வேண்டுவது? அம்மன் பேரைப் பொய்க்கு விற்றேன். மகளின் கண்ணாடியை அவள் முகத்திலேயே இருக்கவிட்டேன். என் புத்தகத்தை நேராகத் திருப்பி வைத்த கைக்கு, இருளைக் கொடுத்தேன். இதை எழுதும் ஒவ்வோர் எழுத்தும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதுவே தண்டனை என்றால், அது போதாது.

இதைப் படிக்கும் நீங்கள், கண்மலர் வாங்கிக்கொண்டு எங்கள் மலைக்கு வருவோரை வழியில் கண்டால் நிறுத்துங்கள். முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். அம்மன் காத்திருப்பாள், கண் காத்திராது. மஞ்சக்குட்டைப் பக்கம் அந்தக் குழந்தையைக் கண்டால்... எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வாழ்த்துவதற்குத் தகுதியற்ற வாய் இது. ஆயினும் வேறு வாய் எனக்கில்லை. இதைப் படித்த கண்கள் எல்லாம் பல்லாண்டு ஒளியோடு வாழ்க. உங்கள் பிள்ளைகளின் முகம் முதுமை வரையிலும் உங்களுக்குத் தெரிக. படிக்க இயலாதவருக்கு இதைப் படித்துக் காட்டுவோரின் குரலும் வாழ்க. கொட்டச்சேட்டில் ஓர் இடக்கண் நிலைத்து நிற்க.

எனக்கு ஒன்றும் வேண்டேன், தாயே.

எனக்கு நன்றாகக் கண் தெரிகிறது.